‘பிளான் ஃப்ரீ’ என்றால் உண்மையில் என்ன விலை? ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடன் கிடைத்துவிடும் என்று வங்கியிலும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த கான்ட்ராக்டர் காபியைக் குடித்துவிட்டு, “பிளானுக்குத் தனியா எதுக்கு சார் செலவு? நம்ம ஆபீஸ்லயே போட்டுக் கொடுத்துடுறோம், ஃப்ரீதான்” என்கிறார். கேட்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவியாகத் தெரிகிறது. வீடு கட்டுகிற பலரும் முதல் முடிவை இந்த இடத்தில்தான் எடுக்கிறார்கள். அது ஒரு முடிவு என்பதுகூட அப்போது தெரிவதில்லை.

பி.எஃப். பணம், வீட்டு நகை, 20 வருடத் தவணை என்று ஆயுள் சேமிப்பு மொத்தமும் போகிற வேலை இது. அதில் வீட்டை வரைபவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

யார் ஆர்க்கிடெக்ட்?

1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியும். அதற்கு ஐந்து ஆண்டு பி.ஆர்க். படிப்பு போன்ற அங்கீகரிக்கப்பட்ட தகுதி வேண்டும். பதிவு எண் ‘சிஏ’ என்று தொடங்கும். அதில் பதிவு செய்த ஆண்டும் வரிசை எண்ணும் இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ கொடுத்து யாரும் சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலைதான்.

ஆனால், சட்டம் காப்பது அந்தப் பட்டத்தை மட்டுமே. பதிவு பெறாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாதே தவிர, கட்டிடம் வடிவமைப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே போர்டில் ‘டிசைனர்’, ‘கன்சல்டன்ட்’ என்று போட்டுக்கொண்டு ஒருவர் வீடு வரைந்து கொடுத்தால், அது மட்டுமே இந்தச் சட்டப்படி குற்றம் ஆகாது. அவர் யார், என்ன படித்தவர் என்று விசாரிக்கும் பொறுப்பு வீடு கட்டுபவர் தலையில்தான் விழுகிறது.

இன்ஜினீயர் போதாதா?

பல நேரங்களில் போதும். சதுரமான மனை, எளிய தேவை, அனுபவமுள்ள நேர்மையான சிவில் இன்ஜினீயர் என்று அமைந்துவிட்டால் நல்ல வீடு வரும். உள்ளாட்சியில் பதிவு செய்த இன்ஜினீயரும் அனுமதிக்கான வரைபடத்தில் கையெழுத்திடலாம். குறுகலான மனை, மேற்கு பார்த்த முகப்பு, வயதான பெற்றோர், பின்னாளில் மாடியை வாடகைக்கு விடும் யோசனை என்று சிக்கல்கள் கூடும்போதுதான், இடத்தை யோசித்துப் பிரிக்கும் ஆர்க்கிடெக்டின் பயிற்சி கைகொடுக்கும்.

அதேபோல, ஆர்க்கிடெக்டை வைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறு. தூண், பீம், அஸ்திவாரக் கணக்கைப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். கரிசல் மண் உள்ள இடங்களில் மண் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு வீடு கட்டினால், சில மழைக்காலங்களிலேயே சுவர் விரிசல் விடக்கூடும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கட்டணம் ஆர்க்கிடெக்டின் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்ரூவலுக்குத்தானே பிளான்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அதன்படி 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கொண்ட, 3,500 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால், விதிகளின்படி கட்டுவேன் என்று உறுதி சொல்வது இப்போது வீட்டு உரிமையாளர். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் அரை அடி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இன்னொன்று, அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தை வைத்து மட்டும் வீடு கட்ட முடியாது. சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், படிக்கட்டின் ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் ஒர்க்கிங் டிராயிங்கில்தான் இருக்கும். அது இல்லாத சைட்டில் இந்த முடிவுகளை மேஸ்திரி எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை.

இலவசத்தின் விலை

கான்ட்ராக்டர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார். சதுர அடி கூடினால் அவர் வாங்கும் தொகையும் கூடும். அவரிடமே பிளானையும் ஒப்படைத்தால், ‘இந்த நடைபாதை எதுக்கு? இதை எடுத்துட்டா வீடு சின்னதாகுமே’ என்று கேட்பதற்கு ஆள் இருக்காது.

உதாரணத்துக்கு 1,500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ.2,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.37.5 லட்சம். இதில் 5 சதவீதம் கட்டணம் என்றால் ரூ.1,87,500. கேட்டதும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால், பயன்படாத 100 சதுர அடியை ஒருவர் குறைத்துக் கொடுத்தால், மிச்சம் ரூ.2.5 லட்சம். கம்பியின் அளவு சரியா, சொன்ன சிமென்ட்தான் வருகிறதா, பில்லில் உள்ள வேலை நடந்திருக்கிறதா என்று சைட்டில் பார்த்துச் சொல்பவரும், கட்டுபவரிடம் பணம் வாங்காதவராக இருந்தால்தான் நம்ப முடியும்.

இந்தத் தூரத்தை ஆர்க்கிடெக்டும் காக்க வேண்டும். வேலையையோ வாடிக்கையாளரையோ அறிமுகப்படுத்துவதற்காகக் கமிஷன், பரிசு எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று 1989-ம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் சொல்கின்றன. “டைல்ஸ் இந்தக் கடையிலதான் வாங்கணும்” என்று ஒருவர் அழுத்தினால், ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

எப்படித் தேடுவது?

மொபைலில் காட்டும் முப்பரிமாணப் படங்களில் எல்லா வீடும் அழகு. அந்த ஆர்க்கிடெக்ட் கட்டி இரண்டு மழைக்காலம் கடந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே குடியிருப்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். மழைக்கு ஒழுகுதா? சாயங்காலம் மேற்கு அறையில் உட்கார முடியுதா? பேசின பட்ஜெட்டுக்கும் முடிந்த செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

பிறகு இரண்டு மூன்று பேரைச் சந்திக்கலாம். நல்லவர் முதல் சந்திப்பில் எலிவேஷனைப் பற்றிப் பேச மாட்டார். வீட்டில் எத்தனை பேர், பாட்டி மாடி ஏறுவாரா, துணி எங்கே காயும், கையில் எவ்வளவு பணம் என்று கேட்பார். மனையைப் பார்க்காமல் வரைய ஒத்துக்கொள்ள மாட்டார். ரோட்டை உயர்த்திப் போட்டால் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தளமட்டம் எவ்வளவு வேண்டும், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே வரும் என்பதற்கும் அவரிடம் பதில் இருக்கும். வாஸ்து பார்க்கும் குடும்பம் அதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. வரைந்து முடித்த பிறகு சமையலறையை மாற்றினால் எல்லாமே மாறும்.

கட்டணமும் கையெழுத்தும்

கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம், சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தமாக ஒரு தொகை என மூன்று விதமாகக் கட்டணம் பேசப்படுகிறது. சதவீதக் கணக்கில் செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எனவே தனி வீட்டுக்கு மொத்தத் தொகையைப் பேசி, வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுப்பதே பாதுகாப்பானது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்கக் கூடாது. அதேபோல, நாலு தடவை மாற்றி வரைய வைத்துவிட்டு “அப்புறம் பார்க்கலாம்” என்று நழுவுவதும் நியாயமில்லை. யோசிப்பதும் உழைப்புதான்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: என்னென்ன வரைபடங்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், மாதத்துக்கு எத்தனை தடவை சைட்டுக்கு வருவார், வருவது அவரா உதவியாளரா, பாதியில் பிரிந்தால் கணக்கு எப்படி. வரைபடத்தின் பதிப்புரிமை பொதுவாக ஆர்க்கிடெக்டுக்கே உரியது. அதே பிளானைத் தம்பி வீட்டுக்கும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

தொழில் ஒழுங்கை மீறினால் கவுன்சிலில் புகார் செய்யலாம். சேவைக் குறைபாடு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது ஆதாரம். வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. உரிமையாளர், ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர் ஆகியோருக்கான எளிய மாதிரி ஒப்பந்தங்களைத் தமிழில் தயாரித்து, அனுமதி கொடுக்கும் அதே இணையதளத்தில் வைக்கலாம். உடனடி அனுமதியால் பொறுப்பு மக்களிடம் வந்திருக்கும்போது, அதைச் சுமக்க உதவும் காகிதத்தையும் கொடுப்பதே முறை.

அதுவரை, கான்ட்ராக்டர் “ஃப்ரீதான் சார்” என்று சொல்லும்போது திருப்பிக் கேட்க ஒரு கேள்வி போதும்: “அப்போ எங்க பக்கம் நின்னு கணக்குப் பார்க்கிறது யாரு?”