எல்லை தாண்டும் துப்பாக்கிகள்

உழுபவனுக்கே நிலம் வேண்டும் என்று போராடி, 1919ஆம் ஆண்டு வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர் மெக்சிக்கோ விவசாயிகளின் தலைவர் எமிலியானோ சப்பாத்தா. அவருடைய உருவத்தைப் பொறித்த கைத்துப்பாக்கி ஒன்று அமெரிக்காவின் கோல்ட் கம்பனியின் பெயரால் விற்பனையாகிறது. அத்தகைய துப்பாக்கியினாலேயே 2017 மார்ச்சில் மிரோஸ்லாவா பிரீச் என்னும் பெண் பத்திரிகையாளர் சுட்டுக்கொல்லப்பட்டார் என மெக்சிக்கோ அரசு நீதிமன்றத்தில் முறையிட்டது. கொள்ளைக் கும்பல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உள்ள உறவை அம்பலப்படுத்தியதே அவர் செய்த குற்றம்.

மெக்சிக்கோவில் துப்பாக்கி வாங்குவது எளிதன்று. இராணுவம் நடத்தும் ஓரிரு கடைகளிலன்றி வேறெங்கும் சட்டப்படி வாங்க இயலாது. எனினும் 2018 முதல் 2023 வரை ஆண்டுதோறும் 30,000க்கு மேற்பட்டோர் அங்கே கொலையுண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் துப்பாக்கிக்கு இரையானவர்கள். 2014 முதல் 2018 வரை அங்கே கைப்பற்றப்பட்டு, மூலம் அறிவதற்காக அனுப்பப்பட்ட விபரங்களை ஆராய்ந்த அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகமே, அத்துப்பாக்கிகளில் 70 வீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று ஒப்புக்கொள்கிறது.

அவை வந்த வழி மர்மமானதன்று. குற்றப்பதிவு இல்லாத ஒருவர் கூலிக்கு அமர்த்தப்படுகிறார். டெக்சாஸிலோ அரிசோனாவிலோ கடைக்குச் சென்று, தமக்கே வாங்குவதாகப் பொய்யாகக் கையொப்பமிடுகிறார். துப்பாக்கி மோட்டார் வண்டியில் தெற்கே போகிறது. ஒருவருக்கு இத்தனைதான் விற்கலாம் என்று மத்திய சட்டம் வரையறுக்கவில்லை. உரிமம் பெற்ற வியாபாரியல்லாத தனியாள் விற்கும்போது, வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டுமென்றும் அச்சட்டம் கேட்பதில்லை.

சட்டத்தாற் பயனில்லை என்பார்க்கு வரலாறே விடை கூறுகிறது. போர்க்களத் துப்பாக்கிகளை ஒத்தவற்றின் விற்பனையைத் தடுத்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2004இல் காலாவதியாயிற்று. கலிபோர்னியா தனது சொந்தத் தடையைக் கைவிடவில்லை. டெக்சாஸையும் அரிசோனாவையும் அடுத்த மெக்சிக்கோ ஊர்களில் அதன்பின் கொலைகள் பெருகின. கலிபோர்னியாவை அடுத்த ஊர்களில் அந்த அளவுக்குப் பெருகவில்லை என 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

மெக்சிக்கோவின் ஊழலை மறந்து கடைக்காரனைக் குறைகூறலாமா எனச் சிலர் கேட்பர். ஊழல் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் இலஞ்சம் வாங்குபவன் தெற்கே இருக்கிறான் என்பதற்காக, இலாபம் வடக்கே குவிவதை மறைத்துவிடலாமா? 2021இல் மெக்சிக்கோ துப்பாக்கி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடர்ந்தது. அவர்களைக் காக்க 2005இல் இயற்றப்பட்ட சட்டம் கவசமாக நின்றது. 2025 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக வழக்கைத் தள்ளியது. அந்தக் கவசத்தைச் செய்து கொடுத்தது மக்கள் வாக்களித்து அனுப்பிய காங்கிரஸ் என்பதை நாம் மறத்தலாகாது. பிறருக்காக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கிய 2022ஆம் ஆண்டுச் சட்டம் நல்லதே. எனினும் அகப்பட்ட கூலியாள் சிறைசெல்ல, உற்பத்தி முதலாளியின் கணக்கில் இலாபம் ஏறிக்கொண்டேயிருக்கிறது.

ஆகவே, போர்த் துப்பாக்கி விற்பனை மீண்டும் தடுக்கப்படவேண்டும். மொத்தமாக வாங்குவதற்கு எல்லை வகுக்கப்படவேண்டும். எல்லா விற்பனையும் சோதனைக்கு உட்படவேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவேண்டும். ஆயுதக் கடத்தலுக்கு எதிராக அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1997இல் செய்த உடன்படிக்கையில் வாஷிங்டன் கையொப்பமிட்டது. ஆனால் செனட் சபை அதனை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. அந்த அங்கீகாரமும் வேண்டும்.

வேலை தேடி வடக்கே வரும் ஏழையைத் தடுக்க மதில் எழுப்பிய அரசு, தெற்கே போகும் துப்பாக்கியை அது விற்பனையாகும் கடையிலேயே தடுக்கலாம். அதற்குச் செங்கல்லும் இரும்பும் தேவையில்லை. முதலாளிக்கு அஞ்சாத சட்டமொன்றே போதும்.