படித்ததையே திரும்பப் படி!

கலிபோர்னியா 1960இலேயே, சமூகக் கல்லூரியில் படித்தவர் பல்கலைக்கழகத்துக்கு மாற வழி வகுத்துவிட்டது. ஒன்ராறியோ 1965இல் சட்டம் போட்டு அரச கல்லூரிகளைத் தொடங்கியபோது அந்தப் படிக்கட்டைக் கட்டவில்லை. பாடமாற்றத்துக்கென ஒரு சபை வரவே 2011 ஆயிற்று. இன்றும் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

இரவில் தொழிற்சாலை, பகலில் கல்லூரி என்று இரண்டு வருடம் படித்தவன் நான். பாதிப் பாடங்களைத் திரும்பக் காசு கட்டிப் படி என்றார்கள்.

ஏற்றால் தரம் கெட்டுவிடுமாம்! தரமில்லாத கல்லூரியை அரசு ஏன் நடத்துகிறது? இரண்டுக்கும் போவது எங்கட வரிப்பணம்தானே? முதலில் அவை ஒன்றோடொன்று பேசட்டும். யுத்தத்தில் வருடங்களைத் தொலைத்துவிட்டு வந்த சனத்திடம் இன்னுமொரு வருடம் கேட்பது அநியாயம்.