கைப்பேசியில் வந்த தரகர்

சின்னமனூரில் வாழைத்தாரை விற்கச் செல்லும் குச்சனூர் விவசாயி, எந்த மண்டியின் பெயர்ப்பலகை அழகாயிருக்கிறது என்று பார்ப்பதில்லை. எடை நேர்மையானதா, தரகு எவ்வளவு, பணம் என்று கைக்கு வரும் என்பனவற்றையே விசாரிக்கிறார். அவருடைய மகன் பங்கு வாங்கக் கைப்பேசியில் செயலி தேடும்போது மட்டும் இந்த விவேகம் மறந்துபோகலாமா? செயலி என்பது புதிய பெயர். அதன் தொழிலோ பழைய தரகுத் தொழிலே. ஆகவே பழைய கேள்விகளையே கேட்க வேண்டும்.

முதலாவது, இவர் பதிவு பெற்ற தரகரா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் தரகர்களின் பெயரும் பதிவெண்ணும் உள்ளன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பும் செயலியை ஏற்கவே கூடாது. போலிச் செயலியின் திரையில் இலாபம் நாள்தோறும் வளரும். பணத்தை எடுக்கப் போனால், மேலும் பணம் கட்டு என்பார்கள். ஏமாந்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கிய பொருள் யார் பேரில் இருக்கிறது? பங்குகள் தரகரிடம் இருப்பவை அல்ல, என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்னும் காப்பகத்தில் நம் பேரில் உள்ள டிமேட் கணக்கில் இருக்க வேண்டியவை. கார்வி என்ற பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளரின் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெற்றதைக் கண்டு, 2019 நவம்பரில் செபி அதன்மீது தடை விதித்தது. 2023-இல் அதன் பதிவையும் ரத்து செய்தது. எனவே செயலியின் திரையை மட்டும் நம்பாது, காப்பகமே நமக்கு நேராக அனுப்பும் கணக்கு அறிக்கையைப் படித்தறிவது கடமையாகும்.

மூன்றாவது, தரகருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பங்கை வாங்கி வைத்திருப்போரிடம் சில செயலிகள் தரகே வாங்குவதில்லை. ஆனால் 'எஃப் அண்டு ஓ' எனப்படும் முன்பேர வியாபாரத்தில் ஒவ்வொரு பேரத்துக்கும் கட்டணம் உண்டு. நாம் அடிக்கடி பேரம் செய்வதே அவர்களுக்கு ஆதாயம். நமக்கோ? 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இவ்வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

சிறு முதலுக்கு வேகமான வழிதானே வேண்டும் என்று இளைஞர் வாதிக்கலாம். சிறு முதல்தான் முதல் நஷ்டத்திலேயே கரைந்துபோவது. ஆகையால் புதியவருக்கு ஏற்ற செயலி, ஆசையை மிகக் குறைவாகத் தூண்டும் செயலியே என்பது எமது கருத்து. ஒரே டிமேட் கணக்கு வைத்து, அதிலுள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவருக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறலாம்.

பயிர்க்கடனையும் நெசவுக் கூலியையும் இதில் இடுவது தகாது. நம் சங்கங்கள் மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, கணக்குத் தொடங்க விரும்பும் அங்கத்தினருடன் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்கட்டும். தனியே ஏமாறுவதினும் கூடி விசாரிப்பது நன்று. கூட்டுறவின் பொருளும் அதுவே.