வசனம் கேட்கல, சண்டை காதைப் பிளக்குது... வீட்டில் படம் பார்த்தால் ஏன் இப்படி?

ராத்திரி ஓடிடியில் படம் ஓடும் வீடுகளில் ரிமோட்டுக்கு ஓய்வே கிடையாது. பேசும் காட்சியில் வால்யூமைக் கூட்டணும். குண்டு வெடித்தால், தூங்கும் குழந்தை எழுவதற்குள் குறைக்கணும். டிவியில் கோளாறா? பெரும்பாலும் இல்லை.

காரணம் என்ன?

படத்தின் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளிதான் ‘டைனமிக் ரேஞ்ச்’. தியேட்டருக்கான ஒலிக்கலவையில் 85 டெசிபல் அடிப்படை அளவு. உச்ச சத்தம் 105 வரை போகலாம். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். அமைதியான அரங்கில் இது அனுபவம். ஃபேன் சுற்றும் ஹாலில் மெல்லிய வசனம் அமுங்கிப் போகும்.

அடுத்தது 5.1. இதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தனிச் சேனலில் வரும். டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் எல்லாச் சேனலையும் திணிக்கும்போது, வசனமும் இசையும் ஒன்றையொன்று மறைக்கின்றன.

ஓடிடி தளங்கள் என்ன செய்கின்றன?

வசனத்தின் சராசரி உரப்பு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் விதி வைத்திருக்கிறது. படத்துக்குப் படம் வால்யூம் மாறாமலிருக்க இது உதவும். ஒரே படத்துக்குள் வரும் ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கும். அமேசான் பிரைம் 2023-ல் வசனத்தை மட்டும் தூக்கிக் காட்டும் ‘டயலாக் பூஸ்ட்’ வசதியைச் சில படைப்புகளுக்குக் கொண்டுவந்தது.

நாம் என்ன செய்யலாம்?

* டிவி ஸ்பீக்கரில் பார்த்தால், ஆடியோ மெனுவில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்வு செய்யலாம்.
* டிவி, சவுண்ட்பார் செட்டிங்ஸில் ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ போன்றவற்றை ஆன் செய்யலாம். இவை உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியை உயர்த்தும்.
* லேப்டாப்பில் விஎல்சி பிளேயரின் ‘கம்ப்ரசர்’ இதே வேலையைச் செய்யும்.

இயர்போனில் கூடுதல் கவனம் தேவை. வசனத்துக்காகக் கூட்டிய வால்யூமில் சண்டைக் காட்சி நேராகக் காதைத் தாக்கும். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90-க்குப் போனால் அது வெறும் 4 மணி நேரம்.

இழப்பும் உண்டு

ஒலியைச் சமன் செய்தால் இடியும் பேச்சும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும். மௌனத்துக்குப் பின் வரும் அதிர்ச்சி மழுங்கிவிடும். ராத்திரிக்கு நைட் மோட் சரி. வீடு அமைதியாக இருக்கும் பகலில் அதை ஆஃப் செய்துவிட்டுப் பார்ப்பதே படத்துக்கு நியாயம்.