தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கப்பா!

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தது. 2011இல் டெல்லியில் ஆரம்பித்த திருவிழா, சென்னைக்கு வந்து சேர பதிமூணு வருஷம் ஆச்சு. மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கிருந்து கிண்டி, அப்புறம் நந்தம்பாக்கம் என்று மூணு வண்டி மாறினாலும் பரவாயில்லை, நம்ம ஊரிலேயே நடக்கிறதே! அதிலிருந்து எங்கள் செட்டில் ஓயாத ஒரு விவாதம்: ஜப்பானிலிருந்து ஒரே ஒருத்தரை மேடைக்குக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

லூஃபிக்குக் குரல் கொடுத்தவர் என்கிறான் ஒருத்தன். இயக்குநர் மகோட்டோ ஷின்காய் என்கிறாள் இன்னொருத்தி. என் ஓட்டு தயாரிப்பாளருக்கு. சொன்னதும் எல்லாரும் "பி.காம் புத்தி போகுமா?" என்று சிரிக்கிறார்கள். போகாதுதான். ஆனால் நான் சொல்வதில் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள் மக்களே.

தயாரிப்பாளர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இசை வெளியீட்டு விழாவில் வெள்ளைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர். பணம் போட்டவர், அவ்வளவுதான். அனிமேயில் நிலைமை வேறு. உதாரணத்துக்கு மசாவோ மருயாமா. 1941இல் பிறந்தவர். ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷனில் வேலை பழகி, 1972இல் நண்பர்களோடு சேர்ந்து மேட்ஹவுஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். நாம் விடிய விடியப் பார்த்த 'டெத் நோட்' அந்த ஸ்டுடியோ செய்ததுதான். சடோஷி கோன் எடுத்த 'பெர்ஃபெக்ட் ப்ளூ', 'பாப்ரிகா' உட்பட நாலு படங்களும் அங்கேதான் உருவாயின. பெரும்பாலானவர்கள் ஓய்வு எடுக்கும் வயதில், எழுபதைத் தொடும்போது, 2011இல் மாப்பா என்ற புது ஸ்டுடியோவை ஆரம்பித்தார். 'ஜுஜுட்சு கைசென்' எடுத்தது அதே மாப்பாதான். 2016இல் அதையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு எம்2 என்று இன்னொன்று. 2023இல் வந்த 'ப்ளூட்டோ' அதன் தயாரிப்பு. யாருக்கு எந்தக் கதை பொருந்தும், யாரை நம்பி எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவர் தொழில்.

இந்த மனுஷர் அமெரிக்காவில் நடக்கும் ஒட்டகான் என்ற ரசிகர் விழாவுக்குப் பல வருடங்கள் விருந்தினராக வந்திருக்கிறார். ஒட்டகான் 1994இல் தொடங்கியது. நடத்துவது தன்னார்வலர்கள். ரொம்ப நாள் பால்டிமோரில் நடந்து, 2017 முதல் வாஷிங்டனுக்கு மாறியது.

அங்கே நடந்த ஒரு விஷயம்தான் என் ஓட்டுக்குக் காரணம். 2010 ஆகஸ்ட்டில் சடோஷி கோன் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 46. 'ட்ரீமிங் மெஷின்' என்ற படம் பாதியில் நின்றது. எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்று மருயாமா தனக்கு உறுதி சொன்னதை, கோன் தன் கடைசிக் குறிப்பிலேயே எழுதிவைத்திருந்தார். 2011 ஒட்டகானில் மருயாமா ரசிகர்கள் முன்னால் நின்று, படத்தை முடித்தே தீருவேன் என்றார். 2012இல் மறுபடி வந்தார். இன்னும் பணம் கிடைக்கவில்லை, கோன் இறந்து ஐந்து வருஷத்துக்குள் திரட்டிவிட முயற்சி செய்கிறேன் என்றார். சுமார் 1,500 ஷாட்டுகளில் 600 வரைதான் முடிந்திருந்தது. பிற்பாடு, கோனின் இடத்தில் உட்கார்ந்து அதை முடிக்கும் திறமை உள்ள இயக்குநர் யாரும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். படம் இன்று வரை வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், பங்குதாரர் எழுந்து கேள்வி கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ரசிகனிடம் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒருத்தர் வருஷா வருஷம் வந்து, "இவ்வளவு முடிந்தது, இவ்வளவு பாக்கி, பணம் இல்லை" என்று கணக்கு சொல்கிறார். நல்ல செய்தி இல்லாத வருஷமும் வருகிறார். குரல் நடிகர் வந்தால் ஒரு வசனம் பேசுவார், நாம் விசில் அடிப்போம். தப்பில்லை, நானும் அடிப்பேன். ஆனால் இந்த மாதிரி ஒரு பதில் தயாரிப்பாளரிடமிருந்து மட்டும்தான் வரும்.

சரி, நமக்கு அந்தக் கணக்கு எதுக்கு? இருக்கிறது.

ஜப்பானில் பெரும்பாலான அனிமே 'தயாரிப்புக் குழு' முறையில் எடுக்கப்படுகிறது. பதிப்பகம், டிவி சேனல், இசைக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் முதல் போடும். லாப நஷ்டமும் உரிமைகளும் போட்ட பங்குப்படி. நம் பாடத்தில் வரும் ஜாயின்ட் வென்ச்சர் கணக்கேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ராப்பகலாக வரையும் ஸ்டுடியோ அந்தக் குழுவில் முதல் போடவில்லை என்றால் அது வெறும் கான்ட்ராக்டர். பேசிய தொகை வரும், அதோடு சரி. தொடர் உலகமெங்கும் ஓடினாலும் லாபத்தில் பங்கு கிடையாது. இதனால்தான் 2022இல் 'செயின்சா மேன்' வந்தபோது, மாப்பா முழு முதலையும் தானே போட்டது அவ்வளவு பேசப்பட்டது. அடித்தால் லாபம் அத்தனையும் வீட்டுக்கு, கவிழ்ந்தால் நஷ்டமும் அத்தனையும்.

'இந்த ஃபைட் சீன்ல ஏன் அனிமேஷன் மட்டமா இருக்கு?' என்று வரைந்தவரைத் திட்டுகிறோமே, அந்தக் கேள்வி போக வேண்டிய முகவரி பெரும்பாலும் வேறு. கால அட்டவணை போட்டவர், பட்ஜெட் பிரித்தவர், இந்தத் தேதியில் ஒளிபரப்பு என்று கையெழுத்துப் போட்டவர். அவரை மேடையில் உட்கார வைத்தால்தானே கேட்க முடியும்?

கேட்பது மட்டுமல்ல, கொடுக்கவும் ரசிகனால் முடியும். சுனாவோ கடாபுச்சி இயக்கிய 'இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்' படத்துக்கு முதலீடு கிடைக்காமல் திண்டாட்டம். 2015இல் பொதுமக்களிடம் கேட்டார்கள். 3,374 பேர் சேர்ந்து சுமார் 3 கோடியே 90 லட்சம் யென் கொடுத்தார்கள். முழுப் படத்துக்கு அது போதாது. ஆனால் இந்தப் படத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று முதலீட்டாளர்களுக்குக் காட்ட அது போதும். 2016இல் படம் வந்தது. நம் நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1976இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். 2019இல் ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' இந்தியத் தியேட்டர்களுக்கு வந்ததற்குப் பின்னால் 50,000க்கும் மேற்பட்ட இந்திய ரசிகர்களின் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரும் சந்தைக்கு ஒரு சாட்சி.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். யூகோ சாகோ என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? 1983இல் உத்தரப் பிரதேசத்தில் பி.பி.லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஜப்பான்காரர். அந்த வேலையில் ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களைப் பத்து விதமாகப் படித்தார். இந்தக் கதையை அனிமேஷனில்தான் சொல்ல முடியும் என்று முடிவு செய்தார். வெளிநாட்டுக்காரன் எப்படி எடுக்கலாம் என்று எதிர்ப்பு. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்குக் கை கொடுக்கவில்லை. மனுஷர் விடவில்லை. ஜப்பானிலேயே கம்பெனி தொடங்கி, நம் ஊர் ராம் மோகனையும் கொய்ச்சி சசாகியையும் கூட வைத்துக்கொண்டு, சுமார் 450 கலைஞர்களோடு படத்தை 1992இல் முடித்தார். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்களே, அதே படம்தான்.

அது தமிழ் பேசித் தியேட்டருக்கு வந்தது 2025 ஜனவரி 24. சாகோ 2012இலேயே காலமாகிவிட்டார். அந்தப் பணத்தை எப்படித் திரட்டினீர்கள், எதிர்ப்பு வந்தபோது ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று இனி யாரும் அவரிடம் கேட்க முடியாது. இயக்குநரின் மனசைப் படத்தைப் பார்த்தே ஓரளவு புரிந்துகொள்ளலாம். தயாரிப்பாளர் பட்ட பாடு திரையில் தெரியாது. அவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். கூட்டம் வருவது காஸ்ப்ளேவுக்கும் பொம்மைக்கும். கணக்குப் பாடம் கேட்க எவன் டிக்கெட் எடுப்பான்? நியாயம்தான். பெரிய மேடை வேண்டாம். ஒரு ஓரத்தில் சின்ன அரங்கு, நூறு நாற்காலி, ஒரு மணி நேரம், ஒழுங்கான ஒரு மொழிபெயர்ப்பாளர். கம்பெனிப் பெருமை பேசிவிட்டுப் போய்விடுவார்களே என்றால், அது கேள்வி கேட்கிறவன் கையில் இருக்கிறது. விளம்பரப் பேச்சுக்குக் கைதட்டி அனுப்பினால் அதுதான் கிடைக்கும்.

ஜப்பானிலிருந்து வரவழைக்கச் செலவு ஆகுமா? இங்கேயே ஆரம்பிக்கலாமே. 2000இல் 'சிந்துபாத்' படத்தை மோஷன் கேப்சரில் எடுத்த பென்டாமீடியா சென்னைக் கம்பெனிதான். 2007இல் 'இனிமே நாங்கதான்' என்று முழுநீளத் தமிழ் அனிமேஷன் வந்தது. அதில் பணம் போட்டவர்கள், கை சுட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருப்பார்கள். தமிழில் ஏன் தொடர்ந்து அனிமேஷன் வரவில்லை என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கும். வரைகிற பசங்க நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக ஓடி ஆடி முதல் திரட்டுகிற ஒரு மருயாமாதான் குறை. அந்த ஆள் ஒருவேளை நம் பி.காம் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் என் ஓட்டில் மாற்றம் இல்லை. உங்கள் ஓட்டு யாருக்கு? அதைவிட முக்கியம், அவர் வந்தால் முதல் கேள்வியாக என்ன கேட்பீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்.