மூணு வரி கோடும் அப்பத்தாவோட தண்டட்டியும்

பொட்டி தட்டுற மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. ஆனா வீட்டுல பழைய வீடியோ வச்சிருக்கிற எல்லாரும் படிக்கலாம்.

2006ல ஊர்ல அத்தை பொண்ணு கல்யாணம். இரவல் ஹேண்டிகேம்ல நான்தான் படம் புடிச்சேன். அந்த ஒரு மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டர்ல இறக்கினா சுமார் 13 ஜிபி. இப்படிச் சேர்ந்து சேர்ந்து 2013ல ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சு.

க்ளவுட்ல வீடியோ மாத்திக் குடுக்குற ஒரு சேவையைப் புடிச்சேன் (பேர் வேணாம், தப்பு என்னோடது). அவங்க குடுத்த பைத்தான் லைப்ரரில மூணே வரி: ஃபைலை ஏத்து, ப்ரீசெட்டைச் சொல்லு, முடிஞ்சதும் இறக்கு. 'மொபைல்'னு ஒரு ப்ரீசெட் இருந்துச்சு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலை. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிட்டேன். காலைல எல்லாம் குட்டிக்குட்டி எம்பி4. ஒரிஜினலை சந்தோஷமா அழிச்சேன். கேசட்டோ பூஞ்சை புடிச்சு எப்பவோ குப்பைக்குப் போயாச்சு.

அப்பத்தா இப்ப இல்லை. அவங்க பேசுற ஒரே வீடியோ அதுதான். போன வாரம் டிவில போட்டா, காதுல ஆடுற தண்டட்டி வெறும் மஞ்சப் புள்ளி. 'ஏஐ வச்சுப் பெருசாக்கலாமே'ன்னார் நண்பர். ஆக்கலாம். ஆனா அது ஊகிச்சு வரையுற தண்டட்டி, அப்பத்தா போட்டிருந்தது இல்லை.

என் கருத்து இதுதான். வீடியோவைச் சுருக்குறதுன்னா துணியை மடிச்சு வைக்கிறது இல்லை, வெட்டி எறியுறது. வெட்டினது திரும்ப வராது. எவ்வளவு வெட்டணும்ங்கிற முடிவை லைப்ரரி ஒரே ஒரு சொல்லுக்குள்ள ஒளிச்சு வச்சிடுது. சௌகரியம்தான், ஆபத்தும் அதுதான்.

க்ளவுடே வேணாம்னு சொல்லலை. நூறு வீடியோவை நாலு அளவுல மாத்தணும்னா நம்ம லேப்டாப் அடுப்பாயிடும். கூலிக்கு ஆள் வைக்கிற மாதிரி வச்சுக்குங்க, ஆனா வீட்டுச் சாவியைக் குடுத்துடாதீங்க. அஸூர் மீடியா சர்வீசஸ் 2024 ஜூன் 30ல மூடியாச்சு. 2013ல வந்த அமேசானோட எலாஸ்டிக் ட்ரான்ஸ்கோடரும் 2025 நவம்பர் 13ல முடிஞ்சுது. அதை நம்பி எழுதின கோடெல்லாம் அன்னையோட செல்லாக்காசு. 2000ல ஆரம்பிச்ச எஃப்எஃப்எம்பெக் மட்டும் இன்னிக்கும் இலவசமா ஓடிக்கிட்டிருக்கு.

அதனால மூணு விஷயம். ஒரிஜினலை ரெண்டு இடத்துல வைங்க. ப்ரீசெட்டுக்குள்ள இருக்கிற அளவு, பிட்ரேட், கோடெக் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வைங்க. நாளைக்கு எந்தச் சேவை மூடினாலும் எஃப்எஃப்எம்பெக்ல அதையே திரும்பச் செய்யலாம். அழிக்கிற வரியை மட்டும் ஸ்க்ரிப்ட்டுக்குக் குடுக்காதீங்க. மாத்தினதைப் பெரிய திரைல போட்டுப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

டிஸ்கி: வீடியோல சத்தம் மட்டும் நல்லாவே இருக்கு. "கேமராவை வச்சுட்டுச் சாப்பிட வாடா"ன்னு கூப்பிடுறாங்க.