ஓரிக்குச் சாதிச் சான்றிதழ் கொடுத்தது யார்?

ஆண்டுதோறும் ஆடியில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. அதையொட்டி மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சி, சேந்தமங்கலம் பக்கமெல்லாம் சுவரொட்டிகள் முளைக்கும். ஓரி எங்கள் இனம், நாங்கள் ஆண்ட பரம்பரை என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிச் சங்கங்கள் உரிமை கொண்டாடும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாகச் சங்கப் பாடல்களோடு புழங்கி வருகிறேன். ஓரிக்கு எந்தப் புலவரும் சாதிச் சான்றிதழ் கொடுத்ததாக நான் படித்ததில்லை. புறநானூற்றில் வன்பரணர் சொல்வது வேறு. அவன் கொடையில் பசி தீர்ந்த பாணர் கூட்டம் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்து கிடந்ததாம். ஓரி என்றொருவன் இருந்தான் என்பதே அந்தப் பாட்டுக்காரர்களால்தான் நமக்குத் தெரியும். அந்தப் பாணர் பெயர் இன்று தமிழகத்தின் சில பகுதிகளில் பட்டியல் சாதிகளுள் ஒன்று. அவர்களுக்கு ஏன் எந்தச் சுவரிலும் இடமில்லை?

ஆண்ட பரம்பரையின் கதையையும் பார்ப்போம். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். பின்னர் மலையமானின் பிள்ளைகளையே யானைக் காலில் இட முனைந்தான் சோழன் கிள்ளிவளவன். கோவூர்கிழார் பாடித் தடுத்தார். கொன்றவனும் செத்தவனும் இன்று சுவரொட்டியில் சாதிப் பெருமை!

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. ஜப்பானில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்து போர்த்தலைவனாக உயர்ந்தவர் டொயோடோமி ஹிடெயோஷி. உச்சிக்குப் போனதும் 1588இல் உழவர்களின் வாள்களைப் பறித்தார். 1591இல் சாமுராய், உழவர், வணிகர் தத்தம் நிலையைவிட்டு நகரக்கூடாது என்று ஆணையிட்டார். தான் ஏறிய ஏணியை எட்டி உதைத்தார். 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது மகன் ஹிடெயோரி மாண்டார். எட்டு வயதுப் பேரன் குனிமாட்சுவின் தலை வெட்டப்பட்டது. அங்கே ஒரு கோவூர்கிழார் இல்லை. பரம்பரை அழிந்தது, படிநிலை அழியவில்லை. அடுத்து வந்த தொக்குகாவா ஆட்சி அதை இன்னும் இறுக்கியது. இறைச்சி, தோல் தொழில் செய்தவர்கள் தீண்டத்தகாதோர் ஆனார்கள். 1871இல் சட்டம் அந்த இழிவை நீக்கியது, மனிதர்கள் நீக்கவில்லை. 1922இல் அம்மக்களே சுய்ஹெய்ஷா அமைப்பைத் தொடங்கிப் போராட வேண்டியிருந்தது.

பழம்பெருமை பேசினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கும் நண்பர்களே, இதே நாமக்கல் மாவட்டத்தில் 2015இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காகப் பட்டியல் சாதி இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தவர்களில் முதன்மையானவர், தீரன் சின்னமலை பெயரில் சாதிப் பேரவை நடத்தியவர். வெள்ளையரை எதிர்த்துத் தூக்கிலேறியவரின் பெயர், சாதி மீறிப் பழகியவரைக் கொன்ற கூட்டத்தின் பதாகை ஆனது. ஆண்ட பரம்பரை என்றால் ஆளப்பட்டவர் யார்? சேரியைக் காட்டாமல் அதற்கு விடை சொல்ல முடியுமா?

ஓரி விழா நடக்கட்டும். அங்கே சாதிச் சங்கப் பதாகைகளுக்கு அரசு இடம் தரக்கூடாது. மலையில் வாழும் பழங்குடி மக்களும் பாணர் மரபின் கலைஞர்களும் மேடையேற வேண்டும். வாரிசு என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் ஓரியின் வில்லை விட்டுவிட்டு, பசித்தவனுக்குக் கொடுத்த கையைக் கேட்டு வரட்டும். அதற்கு எந்தச் சங்கம் போட்டிக்கு வருகிறது, பார்க்கலாம்.